வெல்டிங் புகையைப் பிடிக்க எது நல்லது: கூரை ஃபேனா, உறிஞ்சும் குழாயா?

வெல்டிங் பட்டறையில் புகை அதிகம் என்றால் உரிமையாளர்கள் முதலில் வாங்குவது சுவர் எக்ஸாஸ்ட் ஃபேன், இல்லையேல் கூரையில் சுழலும் டர்போ வென்டிலேட்டர். விலை குறைவு, வேலைக்கு இடைஞ்சலும் கிடையாது. ஆனால் இரண்டும் புகை பரவிய பிறகே வேலையைத் தொடங்குகின்றன. குனிந்து பற்றவைப்பவரின் முகத்தைக் கடந்துதான் புகை கூரைக்குப் போகிறது. வாசலில் நின்று பார்ப்பவருக்குக் காற்று தெளிவாகத் தெரியலாம். பற்றவைப்பவரின் மூக்கருகே நிலைமை வேறு. டர்போவோ வெளிக்காற்று அசையாத நாளில் மந்தமாகிவிடும்.

பெடஸ்டல் ஃபேன் புகையைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளுகிறது. சிஓ2 வெல்டிங்கில், உருகும் உலோகத்தைச் சூழ்ந்து காக்கும் பாதுகாப்பு வாயுவையும் கலைத்துவிடும்; பற்றில், அதாவது பற்றவைத்த இணைப்பில், துளை விழும். வியர்வைக்கு மட்டுமே அது உதவும்.

உறிஞ்சும் குழாய் புகை பிறக்கும் இடத்திலேயே பிடிக்கிறது. விலை கூடுதல், மோட்டார், டக்ட், ஃபில்டர் என்று பராமரிப்பும் உண்டு. எனினும் என் வாக்கு இதற்கே. ஒரு நிபந்தனை: குழாயின் வாய் பற்றுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஊதும் காற்று குழாய் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரம் போன பிறகும் பத்தில் ஒரு பங்கு வேகத்தை வைத்திருக்கும். உறிஞ்சும் காற்றோ ஒரு விட்டத் தொலைவிலேயே அந்த அளவுக்கு இறங்கிவிடும். வெல்டிங் புகையைப் பிடிக்கப் பற்றின் அருகே நொடிக்கு அரை மீட்டர் வேகமாவது வேண்டும். 15 செ.மீ. விட்டக் குழாயை 15 செ.மீ. தூரத்திலிருந்து 30 செ.மீ.க்கு நகர்த்தினால், அதே வேகத்துக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு காற்றை இழுக்க வேண்டும். குழாயை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மேசைக்கு மேலே தொங்கும் குடை வடிவ ஹூடை (புகை உறிஞ்சும் மூடியை) நான் பரிந்துரைக்க மாட்டேன். பற்றுக்கும் ஹூடுக்கும் நடுவில் தொழிலாளியின் முகம் இருக்கிறது. மேசையின் பின்பக்கத்திலிருந்து இழுக்கும் ஹூடு நல்லது. குழாய் எட்டாத பெரிய டாங்க், ட்ரஸ் (கூரைச் சட்டகம்) வேலைகளுக்கு உறிஞ்சும் வசதி இணைந்த வெல்டிங் டார்ச் உண்டு. கை சற்றுக் கனக்கும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், எக்ஸாஸ்ட் தேவைப்பட்டால் அது தூசியும் புகையும் பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும் என்று 14ஆம் பிரிவிலேயே சொன்னது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகை இரவில் காய்ச்சலாக வரும். ஓரிரு நாளில் போய்விடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையில் வரும், புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் அப்படி அடையாளம் காட்டிவிட்டுப் போவதில்லை.

கூரை ஃபேன் வேண்டாம் என்பதல்ல. குழாயிலிருந்து தப்பும் மிச்சப் புகைக்கு அது தேவை. எதிர்ப்புறம் புதுக்காற்று நுழையும் வழி திறந்திருந்தால்தான் இரண்டுமே இழுக்கும். கையில் பணம் குறைவு என்றால் நான்கு கூரை ஃபேன்களுக்குப் பதில், எஸ்.எஸ். மேசைக்கு ஒரே ஒரு உறிஞ்சும் குழாயை முதலில் வாங்குங்கள்.