தி ரூக்கியா, தி நேச்சுரலா?

வயதேறிய பேஸ்பால் வீரர் மீண்டு வரும் இவ்விரண்டு படங்களில் எதைப் பார்ப்பது?

கதை: 'ரூக்கி' (2002) உண்மைக் கதை. டெக்சாஸ் பள்ளி ஆசிரியர் ஜிம் மோரிஸ், தன் மாணவர் அணி வென்றால் தொழில்முறை அணியின் வீரர் தேர்வுக்குப் போவதாக வாக்களித்து மாட்டிக்கொள்கிறார். 1999-இல், 35 வயதில், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் பந்து வீசினார்.
'நேச்சுரல்' (1984) அமெரிக்க எழுத்தாளர் பெர்னார்ட் மாலமுட்டின் நாவலிலிருந்து வந்தது. நாவலில் தோற்கும் நாயகனைப் படம் ஜெயிக்க வைக்கிறது, எனக்கு உறுத்தல்தான்.

நடிப்பு: 'ரூக்கி'யில் டென்னிஸ் குவைட் இயல்பு; 'நேச்சுரல்' படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் கம்பீரம்.

குழந்தைகளுடன்: 'ரூக்கி' தாராளமாக. 'நேச்சுரல்' படத்தில் துப்பாக்கிச் சூடு உண்டு.

குடும்பத்தோடு என்றால் 'ரூக்கி'. ராண்டி நியூமன் இசையில் மைதான விளக்குகள் வெடித்துச் சிதறுவதைப் பார்க்க வேண்டுமென்றால், பிள்ளைகள் தூங்கியபின் 'நேச்சுரல்'.