பர்கண்டியா, லுவாரா? நண்பர்களோடு பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் சைக்கிள்

எங்கே போவது என்று கூட்டத்தில் பாதிப் பேர் பர்கண்டி, பாதிப் பேர் லுவார் (இரண்டும் பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன பகுதிகள்) என்றால் இப்படிப் பாருங்கள்.

பாதை: பர்கண்டியில் போன் (Beaune) என்ற ஊரிலிருந்து சான்தனே என்ற ஊர் வரை சுமார் 22 கி.மீ. பொமார், வோல்னே, மெர்சோ என்று பெயர்பெற்ற ஊர்களைத் தொட்டுக்கொண்டு, இடுப்புயரத் திராட்சைக் கொடி வரிசைகளுக்கும் தாழ்ந்த கல்சுவர்களுக்கும் நடுவே போகும் குறுகிய தோட்டப் பாதை அது, அங்கங்கே ஏற்றமும் உண்டு.
லுவார் சைக்கிள் பாதை மொத்தம் சுமார் 900 கி.மீ., பெரும்பாலும் ஆற்றோரச் சமதளம். தூர் நகரம் முதல் சோமூர் நகரம் வரையான பகுதியே சில நாட்களுக்குப் போதும்.

செலவு: பர்கண்டி ஒயின் விலை கையைக் கடிக்கும். லுவாரில் வூவ்ரே, ஷினோன் ஒயின்கள் எல்லாம் எவ்வளவோ மலிவு, சுவையிலும் குறைவில்லை.

ஒயின் தவிர: லுவாரில் கோட்டைகள், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகைகள். பர்கண்டியில் ஒயின்தான் எல்லாமே.

இரண்டு நாள்தான், எல்லோருக்கும் ஒயின் பைத்தியம் என்றால் பர்கண்டி. ஒரு வாரம் இருக்கிறது, சைக்கிள் பழக்கமில்லாதவரும் கூட வருகிறார் என்றால் யோசிக்காமல் லுவார். அப்புறம், ஒயின் சுவைத்துப் பார்க்கும் இடங்களில் வாயில் வைத்ததை விழுங்காமல் துப்பிவிடுவது அங்கே வழக்கம்தான், கூச்சப்படாதீர்கள். குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்ற சட்டம் சைக்கிளுக்கும் உண்டு.