ஜெட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்: நல்ல பொருள்தான், ஆனால் ஒளித்து வைக்கும்

சர்வரில் ஜெட்எஃப்எஸ் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. 2005-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் அமைப்பு), ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு, எடுக்க ஒரு நொடிகூட ஆகாது, மாறிய பிளாக்குகளுக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். இதில் குறையே சொல்ல முடியாது.

போன வாரம் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு, சரி ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று 'ஜெட்எஃப்எஸ் லிஸ்ட்' அடித்தால் ஒன்றைக்கூடக் காணோம். வயிற்றில் புளி கரைத்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, பூலில் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) 'லிஸ்ட்ஸ்னாப்ஷாட்ஸ்' என்ற செட்டிங் ஆஃபில் இருந்தால் அந்தப் பட்டியலில் ஸ்னாப்ஷாட் வராது, 'மைனஸ் டி ஸ்னாப்ஷாட்' சேர்த்துக் கேட்க வேண்டும். டேட்டாசெட்டுக்குள் (பூலில் பிரித்து வைத்த தனி ஃபைல் சிஸ்டம்) இருக்கும் 'டாட் ஜெட்எஃப்எஸ்' ஃபோல்டரும் அப்படித்தான், 'எல்எஸ்' போட்டால் தெரியாது, பெயரைச் சொல்லி உள்ளே போனால் கதவு திறக்கும்! ஏன் இந்தக் கண்ணாமூச்சி என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

பட்டியல் வந்தது, ஆனால் நான் தேடிய டேட்டாசெட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை. 'ஜெட்பூல் ஹிஸ்டரி' பார்த்தேன், பூலில் மாற்றம் செய்த ஜெட்எஃப்எஸ், ஜெட்பூல் கட்டளைகளைத் தேதி நேரத்தோடு வைத்திருக்கிறது. யாரும் அழிக்கவில்லை, எடுக்கவே இல்லை. அது தனி சைல்டு டேட்டாசெட், நான் கிரான் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டுவது) வரியில், உள்ளே இருக்கும் டேட்டாசெட்டுகளுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லும் 'மைனஸ் ஆர்' போடாததால் தாய்க்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. ஃபோல்டர் பழைய பேக்கப்பிலிருந்து பாதிதான் திரும்பியது.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது அந்த ஒளிந்திருக்கும் பழக்கத்துக்கு, மைனஸ் ஆர் விஷயம் என் தப்பு.