ஷொட்கட், டிவிடி ஸ்டைலர், இம்க்பேர்ன்: குடும்பப் பட டிவிடிக்கு இந்த மூன்றும் போதுமா?

விண்டோஸ் 7 உடன் வந்த டிவிடி மேக்கர், விண்டோஸ் 8 இல் காணாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு காசில்லாமல் செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று மென்பொருள் தேவைப்படுகிறது. படங்களைக் கோத்துப் பாட்டுச் சேர்க்க ஷொட்கட், அதை டிவிடி வடிவமாக்க டிவிடி ஸ்டைலர், தட்டில் எழுத இம்க்பேர்ன். சாமத்தியவீடு, கலியாணம், 31ஆம் நாள் நினைவு என்று நெடுநாள் பயன்படுத்திப் பார்த்ததில் மூன்றும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்கின்றன. காரியம் கெடுவது பெரும்பாலும் தட்டு யார் வீட்டு ரீவியில் ஓடப்போகிறது என்று முதலிலேயே கேட்காததால்தான்.

ரீவிப் படத்தின் அளவும் வேகமும் நாட்டுக்கு நாடு மாறும். இலங்கையில் பால் (PAL) முறை: 720×576 புள்ளி, விநாடிக்கு 25 சட்டகம். வெள்ளவத்தையில் செய்து லண்டனுக்கோ சுவிசுக்கோ அனுப்பினால் வில்லங்கமில்லை. ரொறன்ரோவுக்கு என்றால் என்ரிஎஸ்சி (NTSC) முறை வேண்டும்: 720×480, 29.97 சட்டகம். அங்குள்ள பழைய பிளேயர்கள் பல பால் தட்டைத் தொடவே மாட்டா. இங்குள்ளவை அநேகமாக இரண்டையும் ஓட்டும். ஆகவே கனடாவிலும் சொந்தக்காரர் இருந்தால் எல்லாருக்கும் என்ரிஎஸ்சியிலேயே செய்துவிடுவது நல்லது. ஷொட்கட்டில் படம் ஒன்றைக்கூடப் போடமுன்னரே காணொளி முறையை 1080பி, 25 அல்லது 29.97 என்று தீர்மானியுங்கள். ஒன்றில் செய்து மற்றதற்கு மாற்றினால், மெதுவாகப் பெரிதாகும் படங்கள் தட்டித் தட்டி நகரும்.

ஸ்கான் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. 4×6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 1800×1200 புள்ளி வரும், அதுவே போதும். அடையாள அட்டை அளவுப் படங்களுக்கு மட்டும் 1200 வையுங்கள். வட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கியே வரும், டொகியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஃபோனில் எடுத்தவை சில மென்பொருள்களில் சரிந்து படுக்கும். படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூவில் ஒருமுறை திருப்பிச் சேமித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பலரும் பிழைவிடுவது கணக்கில். மூன்று பாட்டு, மொத்தம் 13 நிமிடம், அதாவது 780 விநாடி. ஒரு படத்துக்கு 5 விநாடி, ஆகவே 156 படம் என்று எடுத்துவைப்பார்கள். ஆனால் ஒரு படம் கரைந்து அடுத்தது வரும் 1 விநாடியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. உண்மையில் ஒரு படத்துக்கு 4 விநாடிதான் செலவாகிறது. 156 படமும் 625 விநாடியில் முடிந்துவிடும். மிச்சம் 2 நிமிடம் 35 விநாடி கறுப்புத் திரையில் பாட்டு மட்டும் ஓடும். சரியான கணக்கு, மொத்த விநாடியை 4ஆல் வகுப்பது: 195 படம். அவ்வளவு இல்லையென்றால் ஒரு பாட்டைக் குறையுங்கள். படத்தை 8 விநாடிக்கு இழுத்தால் பார்ப்பவர்கள் எழும்பித் தேத்தண்ணிக்குப் போய்விடுவார்கள்.

ஷொட்கட்டின் ஸ்லைட்ஷோ வசதியில் படத்தை நடுவில் வெட்டி நிரப்பும் தெரிவு ஒன்று உண்டு. கலியாணக் குழுப்படங்களுக்கு அதைத் தொடாதீர்கள். பின்வரிசையில் நிற்பவர்களின் தலையும் முன்னால் இருக்கும் பிள்ளைகளின் காலும் போய்விடும். நிலைக்குத்துப் படங்களுக்குப் பக்கங்களை மங்கலாக நிரப்பும் தெரிவு அழகாயிருக்கும். பழைய குழாய் ரீவிகள் நான்கு ஓரத்திலும் ஏறக்குறைய 5 சதவீதத்தை விழுங்கும் என்பதால் ஓரத்தில் எழுத்து வைக்கவேண்டாம்.

பாட்டுகளின் சத்தம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. கசெற்றிலிருந்து எடுத்த நாதஸ்வரம் முனகும், அடுத்து வரும் புதுப்பாட்டு அலறும், ரிமோட் தேடி வீடே ஓடும். பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் எம்பி3கெய்ன் மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபெலுக்குக் கொண்டுவந்தால் அந்த வேலை முடிந்தது. பாட்டைக் குறுக்க வேண்டுமென்றால் சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில், 4 விநாடி தேய்த்து நிறுத்துங்கள். இடையிசையின் நடுவில் வெட்டினால் பாட்டுத் தெரிந்த காதுக்கு உடனே குத்தும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். 576 வரிக்குள் சுருங்கும்போது முதலில் மறைவது புள்ளி: ‘ன்’ என்பது ‘ன’ ஆகிவிடும், ‘அம்மம்மா’வைப் பார்த்தால் ‘அமமமா’ போலிருக்கும். மெல்லிய கிடைக்கோடுகள் பழைய ரீவியில் மினுங்கும். சில மென்பொருள்களில் ‘கொ’ பிரிந்து கொம்பு ஒரு பக்கம் நிற்கும். இதற்கெல்லாம் ஒரே வழி, தலைப்பைப் பவர்பொயின்ற்றில் தடித்த எழுத்தில், 40க்குக் குறையாத அளவில் அடித்து, அந்தப் பக்கத்தைப் படமாகச் சேமித்து மற்றப் படங்களோடு சேர்ப்பதுதான்.

எம்பி4 ஆக வந்ததை டிவிடி ஸ்டைலரில் போடுங்கள். அதன் மெனு வடிவங்கள் பழைய காலத்தவை. வயதானவர்கள் பார்க்கும் தட்டுக்கு மெனுவே தேவையில்லை, போட்டதும் ஓடட்டும். பிற்றேற்றை, அதாவது ஒரு விநாடிக் காணொளிக்குச் செலவாகும் தரவின் அளவை, 7000 கிலோபிற் என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 எம்பிதான், 4.7 ஜிபி தட்டில் தாராளமாக இடமிருக்கிறது. இதைக் குறைத்தால் படம் மாறும் இடங்களில் சதுரம் சதுரமாக உடையும். உச்சமான 9800 வரை ஏற்றினாலோ சில பழைய பிளேயர்கள் திக்கும். 44.1 கிலோஹேட்ஸ் பாட்டை டிவிடிக்குரிய 48க்கு அதுவே மாற்றிக்கொள்ளும். கோப்புகளின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்திருங்கள்.

தட்டு டிவிடி மைனஸ் ஆர் ஆக இருக்கட்டும், பழைய பிளேயர்களோடு அதுதான் அதிகம் ஒத்துப்போகும். டிவிடி ஸ்டைலரிலிருந்து ஐஎஸ்ஓ கோப்பாக (முழுத் தட்டும் ஒரே கோப்பாக) எடுத்து, இம்க்பேர்னில் 16எக்ஸ் தட்டையும் 8எக்ஸ் வேகத்தில் எழுதி, சரிபார்க்கும் பெட்டியில் டிக் போடுங்கள். 2013க்குப் பிறகு இம்க்பேர்னுக்குப் புதிய பதிப்பு வரவில்லை, ஆனாலும் இந்த வேலைக்கு ஒரு குறையுமில்லை. எம்பி4ஐ அப்படியே தட்டில் கொப்பி பண்ணினால் அது டேட்டா தட்டாகிவிடும், பிளேயர் ஏற்காமல் துப்பிவிடும். இப்போதைய லாப்டொப்களில் ரைட்டர் இல்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் வெளியே செருகும் ரைட்டர் வாங்கினால், அதை ஹப்பில் அல்ல, லாப்டொப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் நடுவில் நின்றால் அந்தத் தட்டு குப்பைதான்.

எழுதிய பிறகு கணினியில் விஎல்சி மென்பொருளில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படவேண்டாம், அது எதையும் ஓட்டும். ஒரு பழைய பிளேயரில் கடைசி நிமிடம்வரை ஓடவிடுங்கள். தட்டில் தாள் லேபல் ஒட்டினால் நிறை சமநிலை குலைந்து அதிரும், தட்டில் எழுதுவதற்கென்றே விற்கும் பேனை போதும். கடற்காற்றும் வெயிலும் படும் யன்னல் பக்கம் வைக்கவேண்டாம், அலுமாரிக்குள் நிமிர்த்தி வையுங்கள். மூல எம்பி4ஐ ஒரு பென்ட்ரைவில் போட்டுத் தட்டோடு சேர்த்தே கொடுங்கள், புது ரீவி உள்ளவர்கள் அதைத்தான் செருகுவார்கள்.