ஆக்ரா கோட்டையின் முசம்மன் புர்ஜ்: குன்னூரிலிருந்து சென்றுவந்த அனுபவம்

தாஜ்மகால் திறக்கப்படாத வெள்ளிக்கிழமையில், குன்னூரிலிருந்து சென்ற எங்கள் குடும்பம் ஆக்ரா கோட்டையைப் பார்த்தது. செம்மணற்கல் மதில்களைக் கடந்து, யமுனைப் பக்கமுள்ள எண்கோணப் பளிங்கு மண்டபமான முசம்மன் புர்ஜை அடைந்ததும் கூட்டத்தின் இரைச்சல் அடங்கிவிட்டது. மகன் ஔரங்கசீப்பால் 1658இல் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான், 1666இல் இறக்கும்வரை இந்தக் கோட்டையில்தான் இருந்தார். எங்கள் ஊர் மூடுபனியில் எதிர்மலை தெரிவதுபோல், ஆற்றின் வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் மங்கலாகத் தெரிந்தது. பளிங்கில் பதித்த பூக்களை அருகில் பார்த்தபோது, சில இதழ்களில் வண்ணக்கல் உதிர்ந்து வெறும் குழி மட்டும் எஞ்சியிருந்தது மனத்தை வருத்தியது. தரையிலேயே குடைந்தெடுத்த நீரூற்றுத் தொட்டியோ அத்தனை அழகு! எங்கள் வழிகாட்டி ஐந்து நிமிடம்கூட நிற்கவிடாமல் அவசரப்படுத்தினார். அம்மா மட்டும் நகர மறுத்துவிட்டார், அதுவே சரி. காலையில் கோட்டை திறந்தவுடன் சென்று, மற்ற அரங்குகளுக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது இங்கே நெடுநேரம் நில்லுங்கள்.