யூ.வி. விளக்கும் வெள்ளை வேட்டியும்: மலை வீட்டில் அந்துப்பூச்சி பார்க்க எது உழைக்கிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டுக் கொல்லையில் அந்துப்பூச்சி பார்க்க நாலு பொருள் போதும்: பூச்சியை இழுக்கும் யூ.வி. (புறஊதா) விளக்கு, 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், நாலு முழ வெள்ளைப் பருத்தி வேட்டி, போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ். பல பருவம் ஓட்டிய பிறகு சொல்வதென்றால், காசை விளக்கில் போடுங்கள். மற்றதெல்லாம் மலிவானதே போதும்.

மலிவு யூ.வி. டார்ச்களின் ஒளி அலைநீளம் பெரும்பாலும் 395 நானோமீட்டர். ஊதாவாகப் பளிச்சென்று எரியும், பூச்சி குறைவாகத்தான் வரும். 365 வாங்குங்கள். நம் கண்ணுக்கு மங்கல்தான். அதற்காக நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, பாலிகார்பனேட் கண்ணாடி அவசியம். அந்த பவர் பேங்கில் 5 வாட் விளக்கு நாலைந்து மணி நேரம் தாங்கும், குளிரில் கொஞ்சம் குறையும். குட்டி எல்.இ.டி. பட்டை மாட்டினால் அது இழுக்கும் மின்சாரம் போதாமல் பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வரும் பூச்சி உட்கார வேட்டியைச் சுவரை ஒட்டிக் கட்டி, கீழே ஒரு முழம் தரையில் விரியட்டும். வண்டுகள் அங்கேதான் விழும். பாலியெஸ்டரில் பூச்சியின் கால் வழுக்கும். நிலவும் காற்றும் இல்லாத, மேகம் மூடிய இரவு நல்லது. ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் மெனக்கெட வேண்டாம்.

லென்ஸுக்கு எமன் ஈரம். குளிர்ந்த லென்ஸை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் வேர்க்கும். துடைத்து அப்படியே டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். வெளியிலேயே ஜிப் பையில் போட்டு, உள்ளே சூடு ஏறிய பிறகு திறங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது யூ.வி.யை அணைத்து, வெள்ளை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இல்லாவிட்டால் துணி நீலமாக ஒளிர்ந்து இறக்கையின் நிறத்தையே கெடுத்துவிடும். மேலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, உணர்கொம்பு தெரிய ஒன்று. ஓரத்தில் மில்லிமீட்டர் கிராஃப் தாள் குத்திவைத்தால் அளவுச் சண்டை வராது.

ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போல் நீண்ட பெடரஸ் வண்டு மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள். நசுக்கினால் தோல் கொப்பளிக்கும். காட்டுமாடு வரும் கொல்லையில் முதுகு சுவர்ப்பக்கமாக இருக்கட்டும். விடியும் முன் துணியைப் புதரில் உதறிவிடுங்கள், இல்லையென்றால் சின்னான் குருவிகளுக்குப் பந்திதான்.

இனி பெயர். படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி பெரிய, பளிச்சென்ற இனங்களை நன்றாகவே சொல்கிறது. சிக்கல் மலைக்கே உரிய இனங்களில்: போதிய படம் இல்லாத இனம் அதன் பயிற்சியிலேயே இருக்காது, எனவே அதைப் போன்ற பரவலான இனத்தின் பெயரைச் சொல்லிவிடும். பழுப்பு நிறச் சிறு அந்துப்பூச்சிகளில் இனம் வரை போகாமல் பேரினத்தோடு (genus), சில நேரம் குடும்பத்தோடு (family) நிறுத்துவதே நேர்மை. செயலியில் அடையாளம் சொல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துக்கொண்டால்தான் பதிவு ஆய்வுத் தரம் (research grade) பெறும். ஆனால் செயலி சொன்னதையே இருவர் வழிமொழிந்தாலும் தரம் கிடைத்துவிடும் என்பது அதன் ஓட்டை.

இன்னொன்று, வீட்டு முகவரி தெரியாதிருக்க இடத்தை மறைக்கும் அந்தச் செயலியின் வசதி. சமவெளியில் தொந்தரவில்லை. அது புள்ளியைச் சுமார் 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கேயோ போடும், இங்கே அது மலையடிவாரத்தில்கூட விழலாம். சுமார் 1,850 மீட்டரில் பார்த்த பூச்சியை அடையாளம் சொல்பவர் அடிவாரத்துப் பூச்சி என்று எடுத்துக்கொள்வார். இடத்தை மறைத்தால், குறிப்பில் உயரத்தை மீட்டரில் எழுதிவிடுங்கள்.