பாடசாலைச் சாப்பாடு: வன்னியில் இந்தச் சேவைக்கு எத்தனை புள்ளி?

இலங்கையின் வடக்கே வன்னியில், தரம் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கொடுபடும் சாப்பாட்டைக் கடையை மதிப்பிடுவதுபோல மதிப்பிட்டால், சமையலுக்கு ஐந்தில் நாலு போடலாம். நிர்வாகத்துக்கு இரண்டுக்கு மேல் போடக் கை வராது. இந்தத் திட்டம் யாருடைய பொறுப்பில் இருக்கவேண்டும் என்று, சுகாதாரம், விவசாயம், சமூக சேவைகள், கல்வி ஆகிய நாலு திணைக்களத்தின் பெயரும் அடிபடும் விவாதத்தில், சமைக்கிறவருக்குக் காசு எந்தத் திகதியில் போய்ச் சேருகிறது என்று கேட்பார் குறைவு.

2024இல் ஒரு சாப்பாட்டுக்கு ஒதுக்கியது 110 ரூபா. ஆரம்பப் பிரிவில் 80 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு நாளொன்றுக்கு 8,800 ரூபா. இருபது பாடசாலை நாட்களுக்கு 1,76,000. கொடுப்பனவு இரண்டு மாதம் இழுபட்டால், மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட தொகை சமைக்கும் தாயின் தலையில் கடனாக நிற்கும். கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவைத்த கிழமையே அது தட்டில் தெரியும். முதலில் முட்டை பாதியாகும். பிறகு பருப்பில் தண்ணீர் கூடும். அதற்குப் பிறகு நாலு நாளும் சோயாதான்.

காசு ஏன் இழுபடுகிறது? வன்னியின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைப் பாடசாலைகள். 1987இல் வந்த அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு அவற்றின் நிர்வாகம் மாகாணத்துக்குப் போனது. உணவுத் திட்டத்தின் நிதியோ மத்திய அமைச்சில் இருந்து வருகிறது. மாகாணம், கல்வி வலயம், பாடசாலை அதிபர் என்று கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கையொப்பம் வேண்டும். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில், வரவுப் பதிவில் ஒரு இலக்கம் பிழைத்த பற்றுச்சீட்டைத் திருத்திக் கொடுக்கவே ஒரு நாள் பஸ்ஸில் போய்விடும். திணைக்களத்தை மாற்றினாலும் இந்த வழி மாறப்போவதில்லை. ஒரு மாதக் காசை வலயத்திடம் முற்பணமாக வைத்து, கணக்கைப் பிறகு நேர் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சமையல் பக்கம் சிக்கல் வேறு. பிள்ளைக்கு 75 கிராம் அரிசி என்று வைத்தால் 80 பேருக்கு 6 கிலோ. விடிய ஐந்து மணிக்கு வடித்து, பிளாஸ்டிக் வாளியில் மூடி, பத்தரைக்குப் பரிமாறினால் சோறு ஐந்தரை மணி நேரம் வெதுவெதுப்பில் கிடக்கும். அரிசியோடு வரும் பக்டீரிய வித்துகள் வேகும்போது சாகாது. அந்தச் சூட்டில் அவை முளைத்துப் பெருகி வெளிவிடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஏழு மணிக்குப் பிறகு உலை வைத்து, இடைவேளைக்கு முக்கால் மணிக்கு முன் இறக்குவதுதான் முறை.

பருப்பு அவியாத பிரச்சினைக்குப் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம். வன்னியில் பல இடங்களில் தண்ணீர் கடினம். கிடாரத்தின் அடியில் வெள்ளைப் படை பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அதிலுள்ள கல்சியம் பருப்பின் தோலையும் உள்ளையும் இறுக்கிவிடும். அதற்காக அப்பச்சோடா போடுபவர்கள் உண்டு. பருப்பு குழையும், விற்றமின் பி1 அழியும். கல்சியம் நீக்கிச் சுத்திகரித்த தண்ணீரை அவிப்பதற்கு மட்டும் எடுத்தால் அளவாகப் போதும். புளியும் தக்காளியும் பருப்பு அவிந்த பிறகு போடவேண்டும்.

கீரையை அரிந்துவிட்டுக் கழுவக்கூடாது. தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பிறகு விட்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுத்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். மீன் ரின்னில் பெரிதாக எழுதியிருக்கும் 425 கிராமைத் தலைக்கணக்குக்கு எடுக்கக்கூடாது. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வடித்த நிறையைத்தான் எடுக்கவேண்டும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஆனால் திட்டத்தையே சுகாதாரத்திடம் கொடுத்தால் சமைப்பவரும் சோதிப்பவரும் ஒரே வீட்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள். அன்றைய சமையலை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் மட்டும் அவருக்கு எழுத்தில் வேண்டும்.

விவசாயத்திடம் கொடுப்பது கேட்பதற்கு நல்லது. காலபோக அறுவடையோடு நெல் விலை விழும் மாவட்டங்களில் பாடசாலைக் கிடாரம் ஒரு நிச்சயமான சந்தை. ஆனால் அமெரிக்காவைப் பார்க்கவேண்டும். அங்கே 1946இன் சட்டப்படி பாடசாலை மதிய உணவு விவசாயத் திணைக்களத்தின் கீழ். பண்ணைகளில் மிஞ்சிய பொருளுக்கு வழி தேடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இங்கே அப்படி நடந்தால் பூசணி மலியும் மாதம் முழுக்கப் பூசணிதான். கமநல சேவை நிலையமும் கூட்டுறவுச் சங்கமும் பருவத்துக்கு எது எங்கே மலிவு என்ற பட்டியலைக் கொடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் சத்துணவு சமூகநலத் துறையிடம். அங்கிருந்து எடுக்க வேண்டியது துறையை அல்ல, ஒரு பதவியை: சத்துணவு அமைப்பாளர். அரிசி நிறுப்பதும் பதிவேடு எழுதுவதும் அவர் வேலை. நாலைந்து ஆசிரியர்களோடு ஓடும் ஒரு பாடசாலையில் ஒருவர் வெங்காயம் எண்ணப் போனால் ஒரு வகுப்பு சும்மா இருக்கும்.

ஆகவே பொறுப்பு கல்வியிடமே இருக்கட்டும். பிள்ளை வந்ததா, சாப்பிட்டதா என்று நாளாந்தம் தெரிந்த இடம் அதுதான். ஜப்பானிலும் 1954இல் இருந்து பாடசாலை மதிய உணவுக்கான சட்டம் கல்வி அமைச்சின் கையில். அங்கே பிள்ளைகள் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அதிபரோ பொறுப்பானவரோ சாப்பிட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு கறியிலும் 50 கிராம் எடுத்து இரண்டு கிழமை உறைநிலையில் வைப்பார்கள். நமது பாடசாலைகள் எல்லாவற்றிலும் குளிர்சாதனப் பெட்டி இல்லை. உள்ள இடத்தில் மூடி இறுகிய சின்னப் போத்தலும் திகதி எழுதிய துண்டும் இருந்தால், ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று வரும் நாளில் பரிசோதகர் கையில் கொடுக்க ஒரு பொருள் இருக்கும்.